தட்டில் தெரியும் வளையமும் வயலில் நிற்கும் கதிரும்

கல்லூரியொன்றில் புதிய ரசாயனக் கூட்டுப்பொருள் தயாரிக்கப்பட்டதென்றும், அது நோய்க்கிருமிகளைக் கொல்லும் வல்லமையுள்ளதாகக் காணப்பட்டதென்றும் பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வருகிறது. கிராமங்களில் இச்செய்தியைப் படிப்பவர்கள் இரு கட்சியாகப் பிரிகிறார்கள். ஒரு கட்சியார், இனி நெல்லுக்கும் வாழைக்கும் நோய் என்ற பேச்சே இராது என்றெண்ணி, அம்மருந்து எங்கே விற்கிறதென்று கடைகடையாய் விசாரிக்கிறார்கள். மற்றக் கட்சியார், இவையெல்லாம் பட்டம் பெறுவதற்காகச் செய்யப்படும் வித்தைகளென்றும், கண்ணாடிக் குழாயில் நடப்பதற்கும் களத்துமேட்டுக்கு வந்து சேரும் நெல்லுக்கும் சம்பந்தமில்லையென்றும் தள்ளிவிடுகிறார்கள். முதற் கட்சியாரின் போக்கினால் பணம் நஷ்டமாகிறது. இரண்டாங் கட்சியாரின் போக்கினால் நேரும் நஷ்டம் அதனிலும் பெரிது. ஏனெனில் குலைநோய்க்கு இன்று கைகொடுக்கும் மருந்துகளிற் பல இத்தகைய ஆராய்ச்சியின் வழியாகவே வந்தவை. ஆய்வுக்கூடத்துத் தட்டு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை மிராசுதார்கள் அறிந்துகொள்ளவேண்டும். தட்டு சொல்லாததை வயலே சொல்லவேண்டுமாதலால், அதற்காகத் தங்கள் நிலத்தில் இரண்டு சென்ட்டு இடமும் ஒதுக்கவேண்டும்.

ஒட்டுக் கூட்டுப்பொருள் என்பது யாது? ஒட்டு மாங்கன்று கட்டுவதை அறியாத குடியானவர் இல்லை. மண்ணைப் பற்றி நிற்கும் வலிமை ஒரு கன்றினுடையது. கனியின் சுவை வேறொரு மரத்தினுடையது. ரசாயன சாஸ்திரிகளும் இவ்வாறே இரண்டு பொருள்களை ஒட்டுகிறார்கள். ஒரு பொருள் கிருமியின் உடலில் ஓரிடத்தைத் தாக்குகிறது. மற்றொன்று வேறோரிடத்தைத் தாக்குகிறது. இரண்டையும் ஒரே மூலக்கூறாக இணைத்துவிட்டால், ஒன்றுக்குத் தப்பிய கிருமி மற்றொன்றுக்குத் தப்பாது என்பது அவர்களுடைய எதிர்பார்ப்பு. இணைக்கும் முறைகள் பல. அமீன் என்னும் வகுப்பைச் சேர்ந்த பொருளையும் ஆல்டிஹைடு வகுப்பைச் சேர்ந்த பொருளையும் எத்தனாலிற் கரைத்துச் சில மணி நேரம் காய்ச்சினால் இரண்டும் கூடி நிற்கும். கல்லூரிகளிற் பெரும்பாலும் கையாளப்படுவது இம்முறையே. 2002ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் ஷார்ப்லெஸ் என்பவரும், டென்மார்க்கில் மெல்டால் என்பவரும் தனித்தனியே கண்ட வேறொரு முறையில், செம்பின் துணைகொண்டு இரண்டு துண்டுகளைக் கொக்கி மாட்டுவதுபோல் எளிதில் மாட்டிவிடலாம். இதற்காக 2022இல் அவ்விருவருக்கும், பெர்ட்டோஸி என்ற அம்மையாருக்கும் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. இம்முறைக்குச் சாதாரணமாகப் பயன்படுவது, போர்டோக் கலவைக்காகக் குடியானவர் வாங்குகிற அதே மயில்துத்தந்தான்.

கூட்டுப்பொருளைச் செய்வது பாதி வேலை. மறு பாதி, அது கிருமியைக் கொல்லுமா என்று பார்ப்பது. அகர் என்னும் கூழைத் தட்டையான கண்ணாடித் தட்டில் ஊற்றி உறையவிடுகிறார்கள். இந்த அகர் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுவது. ராமநாதபுரம் ஜில்லாக் கடற்கரையில் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் இது கிடைக்கிறது. உறைந்த கூழின்மேல் கிருமியைச் சீராகப் பரப்பி, மருந்தில் தோய்த்த சிறு காகித வில்லையை நடுவில் வைத்து, ஒரு நாள் வெதுவெதுப்பான பெட்டியில் வைத்தால், மருந்து பரவிய இடமெல்லாம் கிருமி வளராமல் வில்லையைச் சுற்றித் தெளிவான வளையம் தோன்றும். வளையத்தின் குறுக்களவை மில்லிமீட்டரில் அளந்து எழுதுகிறார்கள். பூசணமாயின் மருந்தைக் கூழிலேயே கலந்து, நடுவே பூசணத் துண்டை வைத்து, அது எவ்வளவு தூரம் படர்கிறதென்று பார்க்கிறார்கள். இன்னும் திட்டமாக அறியவேண்டின், மருந்தைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், எந்த மிகக் குறைந்த அளவு வரையில் கிருமியின் வளர்ச்சி தடைப்படுகிறதென்று கண்டறிகிறார்கள்.

இவையெல்லாம் நல்ல முறைகளே. செலவு குறைவு, காலமும் குறைவு. ஒரே வாரத்தில் இருபது பொருள்களைச் சோதித்துவிடலாம். ஆனால் வளையத்தைப் படிக்கத் தெரியவேண்டும். தண்ணீரில் எளிதிற் கரையும் பொருள் கூழில் வேகமாகப் பரவுமாதலால் பெரிய வளையம் காட்டும். எண்ணெய்ப் பசையுள்ள பொருள் வீரியமுள்ளதாயிருந்தும் வில்லையை விட்டு நகராமல் சிறிய வளையமே காட்டும். மருந்தைக் கரைக்கப் பயன்படும் டைமெத்தில் சல்பாக்ஸைடு என்ற திரவம் மிகுதியானால் தானே கிருமியை ஒடுக்கும்; ஆகையால் வெறுந் திரவத்தில் தோய்த்த வில்லையொன்றும் பக்கத்தில் இருக்கவேண்டும். ஏற்கெனவே வழக்கிலுள்ள மருந்தொன்றும் ஒப்பிடுவதற்கு வைக்கப்படவேண்டும். பழைய மருந்து 1 மைக்ரோகிராமில் செய்கிற வேலையைப் புதியது 100 மைக்ரோகிராமில் செய்யுமாயின், புதியது நூறில் ஒரு பங்கு பலமுள்ளதேயாம். "கிருமியைக் கொன்றது" என்ற பத்திரிகைத் தலைப்பில் இந்தக் கணக்கு அடங்கியிராது.

தட்டு ஒருபோதும் சொல்லாதது வேறொன்றுண்டு. கிருமியைக் கொல்லும் பொருள் பயிரைக் கொல்லாதா, உண்பவனைக் கொல்லாதா என்பதை அது அறியாது. இதற்குப் பாதரசக் கூட்டுக்களின் சரித்திரமே போதிய சாட்சி. கரிமப் பொருளோடு பாதரசத்தை ஒட்டிய கூட்டுக்கள் பூசணத்தை ஒழிப்பதில் நிகரற்றவையாயிருந்தன. ஜப்பான் தேசத்தில் 1950க்குப் பின் குலைநோய்க்காக அவை நெல்வயல்களிலே தூவப்பட்டன, நோய் அடங்கியது, அரிசியிலே பாதரசம் ஏறியது. 1960களின் இறுதியில் அத்தேசம் அவற்றை நெல்வயலினின்று விலக்கிற்று. ஈராக்கில் நேர்ந்தது இதனிலுங் கொடியது. 1971-72 குளிர்காலத்தில், விதைப்பதற்கென்று வெளிதேசத்திலிருந்து வரவழைக்கப்பட்டு மெத்தில் பாதரசம் பூசப்பட்டிருந்த கோதுமையைக் கிராமத்தார் சிலர் மாவாக்கி ரொட்டி சுட்டு உண்டனர். விதையில் எச்சரிக்கைக்காக ஏற்றியிருந்த செந்நிறம் கழுவினால் போய்விட்டது, விஷம் போகவில்லை. மூட்டையின்மேல் எழுதியிருந்த எச்சரிக்கையின் பாஷையும் அவர்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டவர்கள் 6,530 பேர். அங்கே இறந்தவர்கள் 459 பேர். அதே பாதரசக் கூட்டைத் தட்டில் வைத்துப் பார்த்தால் கண்ணைக் கவரும் வளையம் தோன்றியிருக்கும்.

இது தட்டு நல்லதென்று காட்டிய பொருள் தீதாய் முடிந்த கதை. தட்டு தள்ளிய பொருள் உயிர்காத்த கதையும் உண்டு. ஜெர்மனியில் எல்பர்பெல்டு நகரத்துச் சாயத் தொழிற்சாலை ஒன்றில் க்ளாரர், மீட்ஸ்ச் என்னும் ரசாயனிகள் புதிய புதிய சாயப்பொருள்களைச் செய்துகொடுக்க, டோமாக் என்னும் வைத்தியர் அவற்றைச் சோதித்துவந்தார். 1932ஆம் வருஷத்தில் அவர் கைக்கு வந்த செந்நிறச் சாயம் ஒன்று கண்ணாடிக் குழாயிலுள்ள கிருமியின்மேல் யாதொரு விளைவையும் காட்டவில்லை. குழாயோடு நின்றிருந்தால் அது அன்றே குப்பைக்குப் போயிருக்கும். டோமாக் அதனைக் கிருமி ஏற்றப்பட்ட எலிகளுக்குக் கொடுத்தார்; மருந்துண்ட எலிகள் பிழைத்தன. 1935இல் முடிவு பிரசுரமாயிற்று. அதே வருஷத்தில் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தார் இதன் மர்மத்தைக் கண்டறிந்தனர்: சாயம் உடலுக்குள் இரண்டாகப் பிளந்து, அதில் ஒரு துண்டாகிய சல்பனிலமைடே கிருமியை ஒடுக்குகிறது. அந்தச் சல்பனிலமைடோ வியன்னாவில் கெல்மோ என்பவர் 1908இலேயே செய்து வைத்த பொருள். அதை நோயுற்ற உடலுக்குக் கொடுத்துப் பார்க்கவேண்டுமென்று யாருக்கும் தோன்றாமையால் 27 வருஷம் வீணே கழிந்தது.

எலியும் மனிதனும் இருக்கட்டும்; நெல்லுக்கே இதற்கு நேரான உதாரணம் ஒன்று உண்டு. தஞ்சாவூர் டெல்டாவில் 1919ஆம் வருஷத்தில் குலைநோய் பெருவாரியாகக் கண்டது. அக்காலத்தில் தெளிப்பதற்குத் தக்க மருந்தில்லாமையால் நோயைத் தாங்கும் நெல்வகையைத் தேடுவதே வழியாயிருந்தது. குலைநோயைத் தாங்கும் கோ 4 என்ற நெல்லையும், குறங்குச் சம்பா என்னும் ஆடுதுறை 10 என்ற நெல்லையும் இணைசேர்த்துக் கோயமுத்தூரில் கோ 25 என்ற ரகம் உண்டாக்கப்பட்டது. இன்றும் நோய் தாங்கும் விதையே முதல் காப்பு. அதற்கு அடுத்தபடியாக இன்று மிகுதியும் பயன்படுகிற மருந்து ட்ரைசைக்ளசோல். 1970க்குப் பிற்பட்ட பத்தாண்டில் அமெரிக்காவிலுள்ள ஈலை லில்லி கம்பெனியாரால் கொண்டுவரப்பட்ட இப்பொருள் உண்மையிலேயே ஓர் ஒட்டு: ட்ரையசோல் என்னும் வளையத்தையும் பென்ஸோதயசோல் என்னும் வளையக்கட்டையும் ஒன்றோடொன்று பிணைத்தால் கிடைப்பது அதுவே.

இதனைத் தட்டில் வைத்து, வழக்கமான அளவில் குலைநோய்ப் பூசணத்தை அதன்மேல் வளர்த்தால் என்ன நேரிடும்? பூசணம் ஏறக்குறைய முன்போலவே படரும். நிறம் மட்டும் கருமை குறைந்து செம்மை பாயும். வளர்ச்சியை மாத்திரம் அளக்கும் மாணாக்கர், "பயனில்லை" என்று எழுதி அடுத்த பொருளுக்குப் போய்விடுவார். ஆனால் அந்தக் கருமையிலேதான் விஷயம் இருக்கிறது. குலைநோய்ப் பூசணத்தின் வித்து நெல்லிலையில் விழுந்து பனிநீரில் முளைத்தபின், குமிழ்போன்ற ஓர் உறுப்பை இலையின்மேல் ஒட்டவைக்கிறது. அக்குமிழின் சுவரில் மெலனின் என்ற கரும்பொருள் படிந்து, உள்ளிருக்கும் சத்துக் கசியாதபடி அடைத்துக்கொள்கிறது. உள்ளே நீர் ஏற ஏற அழுத்தம் பெருகி 80 வாயுமண்டல அளவை எட்டுகிறது. மோட்டார் காரின் சக்கரத்தில் அடைக்கும் காற்றைப்போல் ஏறக்குறைய 40 மடங்கு என்று சொல்லலாம். அவ்வழுத்தத்தினாலேயே பூசணம் இலையின் தோலைத் துளைத்து உட்புகுகிறது. ட்ரைசைக்ளசோல் பூசணத்தைக் கொல்வதில்லை. மெலனின் உண்டாவதைத் தடுத்துவிடுகிறது. கரும்பூச்சு இல்லாத குமிழ் ஓட்டைக் குடமாகி, அழுத்தம் பிடியாமல், இலையின்மேலேயே செயலற்றுப் போகிறது. தட்டிலே துளைக்கவேண்டிய தோல் இல்லை. ஆகவே தட்டில் இம்மருந்துக்கு வேலையும் இல்லை.

இதிலிருந்து குடியானவர் நேராக எடுத்துக்கொள்ளவேண்டிய செய்தி ஒன்றுண்டு. இம்மருந்து பூசணம் உள்ளே நுழையாமற் காப்பதேயன்றி, நுழைந்ததை வெளியேற்றுவதன்று. கதிர்க் கழுத்து கறுத்து ஒடிந்து, கதிர் வெளுத்தபின் ஓடிப்போய் வாங்கித் தெளிப்பவர்கள் மருந்தைத் திட்டுகிறார்கள். ஐப்பசி முதல் மார்கழி வரையில் மேகமூட்டமும் சிறுதூறலும் இரவுக் குளிரும் சேர்ந்து, காலையில் நெடுநேரம் இலையில் பனி நிற்கும் நாட்களில், இலையில் கண் வடிவான முதற் புள்ளிகள் தென்பட்டவுடனும், கதிர் வெளிவரும் தருணத்திலும் கொடுத்தால்தான் பலன் உண்டு. யூரியாவை அளவுக்குமேல் இட்டுப் பயிரைக் கருகருவென்று வளர்த்துவிட்டு மருந்தை நம்புவது, வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு காவற்காரனுக்குச் சம்பளம் கொடுப்பது போலாம்.

வெயிலும் தட்டுக்குத் தெரியாது. 1977ஆம் வருஷத்தில் ஜெர்மனியில் ஆங்கே, ஸ்டெக்லிக் என்னும் இருவர், விழுந்த பைன் மரக் காய்களின்மேல் முளைக்கும் சிறிய காளான் ஒன்றிலிருந்து ஸ்ட்ரோபிலூரின் என்ற பொருளைப் பிரித்தனர். அது மற்றப் பூசணங்களைத் தட்டில் அற்புதமாக அடக்கியது. திறந்த வெளியிலோ சூரிய வெளிச்சத்தில் விரைவிற் சிதைந்துபோயிற்று. வெயிலைத் தாங்கும்படி அதன் கட்டமைப்பை ரசாயனிகள் திருத்தித் திருத்தி, 1996இல்தான் அசாக்ஸிஸ்ட்ரோபின் முதலிய மருந்துகள் சந்தைக்கு வந்தன. தட்டில் கண்ட நாளிலிருந்து வயலுக்கு வந்த நாள் வரையில் 19 வருஷம்! நேற்றுக் கல்லூரியில் செய்த கூட்டு இன்று கடையில் விற்கிறதென்று யாரேனும் சொன்னால், அது மெய்யாயிருக்க முடியாதென்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

அத்தனை வருஷம் உழைத்துக் கொண்டுவந்த மருந்து எத்தனை நாள் நின்றது என்பதையும் கேட்கவேண்டும். வந்த இரண்டே வருஷத்தில், 1998இல், வட ஜெர்மனியில் கோதுமையின் சாம்பல் நோய்ப் பூசணம் அதற்கு அடங்காமற் போயிற்று. ஜப்பானில் குலைநோய்க்கென்றே வந்த கார்ப்ரோபமிடு, 2001இல் க்யூஷு தீவில் தோற்றது. அதுவும் மெலனினைத் தடுப்பதே, ஆனால் ட்ரைசைக்ளசோல் தடுக்கும் இடத்திலன்றி வேறோர் இடத்தில் தடுப்பது. இது எவ்வாறு நேர்கிறதெனின், கோடிக்கணக்கான பூசண வித்துக்களில் ஒன்றிரண்டு இயற்கையாகவே மாறுபட்டிருக்கும். ஒரே மருந்தை விடாமல் தெளித்தால் மற்றவை ஒழிந்து அவை மட்டும் பெருகும். குடியானவர்கள் சிலர் மருந்தை மாற்றித் தெளிப்பதாக எண்ணிக்கொண்டு பெயரை மட்டும் மாற்றுகிறார்கள். அசாக்ஸிஸ்ட்ரோபினுக்குப் பதில் ட்ரைப்ளாக்ஸிஸ்ட்ரோபின் தெளிப்பது மாற்றமன்று. இரண்டும் ஒரு கூட்டம். ப்ரோபிகொனசோல், டெபுகொனசோல், ஹெக்ஸகொனசோல் என்று "கொனசோல்" என முடிவனவும் ஒரு கூட்டம். ட்ரைசைக்ளசோல் ஓசையில் அவற்றை ஒத்திருந்தாலும் அக்கூட்டத்தைச் சேர்ந்ததன்று.

இவ்விஷயத்தில் வயலும் ஆஸ்பத்திரியும் வெகு தூரத்தில் இல்லை. "கொனசோல்" வகையைச் சேர்ந்த மருந்துகளையே மனிதருடைய நுரையீரலைப் பற்றும் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூசணத்துக்கும் கொடுக்கிறார்கள். அவற்றுக்கு அடங்காத ஆஸ்பர்ஜில்லஸ் நெதர்லாந்து தேசத்தில் முதலில் பெருவாரியாகக் காணப்பட்டு, பின்னர் இந்தியாவிலும் காணப்பட்டது. பயிர்களுக்குத் தெளித்த மருந்தே அதற்குப் பெருங் காரணமென்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். 1943இல் மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து கண்டெடுக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின், காசநோயை வெல்ல மனிதனுக்குக் கிடைத்த முதல் ஆயுதம். அதையும் டெட்ராசைக்ளினையும் கலந்து நெல்லின் இலைக்கருகலுக்கும் எலுமிச்சையின் சொறிநோய்க்கும் தெளித்துவந்தது எவ்வாற்றானும் பொருத்தமானதன்று. மத்திய சர்க்கார் 2021 டிசம்பரில் வெளியிட்ட வரைவு உத்தரவு, 2024 முதல் இக்கலவைக்கு வயலில் இடமே இல்லாமற் செய்யக் கருதியது. அதனால் எலுமிச்சைத் தோட்டக்காரருக்கு இடையூறு இல்லையென்று சொல்வதற்கில்லை. சொறிநோய்க்குப் போர்டோக் கலவையும், நோயுற்ற கிளைகளை மழைக்கு முன் கழித்து எரிப்பதும் அதிக உழைப்பை வேண்டுபவை. எனினும், கருகிய இலையையும் காசநோயாளியையும் ஒரே தராசில் வைக்க எந்த மிராசுதாரும் இசையமாட்டார்.

ஆகையால் கல்லூரிகளில் புதுக் கூட்டுப்பொருள் செய்பவர்களிடம் விவசாயிகளின் சார்பில் கேட்கத்தக்கது ஒன்றுண்டு. வளையத்தை அளந்து எழுதுவதோடு நிறுத்திவிடலாகாது. குலைநோய்க்கென்று சோதிக்கும் பொருளைத் தொட்டியில் வளர்ந்த நெல் நாற்றின்மேல் தெளித்து, பூசண வித்தையும் தூவி, ஈரத்தில் மூடிவைத்துப் பார்க்க ஒரு வாரம் போதும். தொட்டியும் நாற்றும் விலையுயர்ந்த யந்திரங்களல்ல. கல்லூரிக்கு அருகில் விவசாய ஆராய்ச்சி நிலையம் இல்லாத ஜில்லா அரிது. இவ்வளவும் செய்யாமல் நூறு பொருள்களின் வளைய அளவைப் பட்டியலாகப் போடுவதில், அவற்றுள் மற்றொரு ட்ரைசைக்ளசோல் இருந்தால் அதுவும் "பயனில்லை" என்ற வரியிலேயே புதைந்துபோகும். ரசாயனம் படித்தவர்கள் பயிரையும், பயிர் படித்தவர்கள் ரசாயனத்தையும் அந்நியமென்று எண்ணுகிற வழக்கம் இன்னும் மாறவில்லை. சாயத் தொழிற்சாலையில் வைத்தியர் ஒருவர் இருந்தமையாலன்றோ அந்தச் செஞ்சாயம் பிழைத்தது?

மிராசுதார்கள் செய்யத்தக்கதோ மிக எளியது. எந்த மருந்தைத் தெளித்தாலும், வயலில் ஏக்கருக்கு 2 சென்ட்டு அளவு ஓரிடத்தைத் தெளிக்காமல் விட்டுவைக்கவேண்டும். காற்று வரும் பக்கத்தில் அந்த இடம் இருந்தால் தெளிக்கும் மருந்து அதன்மேல் படியாது. விதை, நடவு, நீர், எரு எல்லாம் மற்ற இடத்தைப் போலவே இருக்கவேண்டும். மூலையிலுள்ள மேட்டுத் திட்டையோ நிழல் விழும் இடத்தையோ ஒதுக்கினால் கணக்குத் தவறும். இரண்டு வாரம் கழித்து இரண்டிடத்திலும் ஐம்பது தூர்களைப் பார்த்து, எத்தனையில் நோய் கண்டிருக்கிறதென்று எண்ணிவிட்டால், மருந்து வேலை செய்ததா, அல்லது வானம் வெளுத்தமையால் நோய் தானே நின்றதா என்பது தெரிந்துபோகும். குலைநோய் வானிலை மாறியவுடன் தானே அடங்குவது உண்டு. அவ்வாறு அடங்கிய வருஷங்களில் கடைசியாகத் தெளித்த மருந்துக்கே புகழ் சேர்கிறது. அதற்கு அத்தாட்சி கேட்பார் இல்லை.

பயிரில் ஒரு பகுதியைத் தெரிந்தே நோய்க்குக் கொடுப்பதா என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. ஏக்கருக்கு 2,400 கிலோ விளையும் நிலத்தில் 2 சென்ட்டின் விளைவு 48 கிலோ. அதில் பாதி அழிந்தாலும் நஷ்டம் 24 கிலோ நெல். பயனற்ற மருந்தை ஒருமுறை ஒரு ஏக்கருக்குத் தெளிப்பதில் மருந்து விலையும் ஆள் கூலியும் சேர்ந்து எவ்வளவாகிறதென்று அவரவர் கணக்குப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். நோய் கடுமையாகக் கண்டால் இரண்டு வாரத்துக்குப்பின் அந்த இடத்தையும் தெளித்துவிடுவதற்குத் தடையில்லை. குத்தகைதாரரிடம் இதை வற்புறுத்துவது மட்டும் நியாயமாகாது. 24 கிலோவும் அவருக்குப் பெரிது. நிலச்சொந்தக்காரர் அந்த 2 சென்ட்டின் பங்கைக் குத்தகையிற் கழித்துக்கொடுப்பதே முறை.

கிராம அதிகாரிகளின் ஒத்தாசையும் இதில் வேண்டியதாகும். 1968ஆம் வருஷத்துப் பூச்சிமருந்துச் சட்டத்தின்படி, பூசண மருந்துகள் உள்பட எந்தப் பயிர் மருந்தும் பதிவு பெறாமல் விற்கப்படலாகாது. புட்டியின்மேல் பதிவு எண், தயாரித்த தேதி, காலாவதியாகும் தேதி, விஷத்தின் கடுமையைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை ஆகிய நிறங்களுள் ஒன்று ஆகியவை இருக்கவேண்டும். "புதிய ஆராய்ச்சிக் கூட்டு" என்று துண்டுக் காகிதம் ஒட்டி, பதிவு எண் இல்லாமல் வரும் புட்டியைக் கண்டால், அதனை உடனே விவசாய அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும். வாங்குபவர்கள் ரசீது பெறும்படி சொல்வதும் நலம். ரசீது இல்லாதவருடைய புகாரை யாரும் விசாரிக்க இயலாது. ஏற்றுமதிக்குப் போகும் நெல்லைப் பயிரிடுகிறவர்களுக்கு மற்றொன்றும் தெரிந்திருக்கவேண்டும். ஐரோப்பிய யூனியன் 2017இல், அரிசியில் தங்கக்கூடிய ட்ரைசைக்ளசோலின் அளவைக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்பதிலிருந்து 0.01 மில்லிகிராமாகக் குறைத்துவிட்டது. நெல் நன்றாய் விளைந்தும், கடைசித் தெளிப்பின் தேதியைக் கவனியாமையால் மூட்டைகள் துறைமுகத்திலிருந்து திரும்புவது உண்டு.

தெளிக்காமல் விட்ட இடத்தின் கணக்கை ஒரு சிறு நோட்டில் எழுதிவைத்தால் போதுமானது: சர்வே நம்பர், நெல் ரகம், நட்ட தேதி, மருந்தின் ரசாயனப் பெயர், பதிவு எண், அளவு, தெளித்த தேதி, அன்றைய வானிலை, இரண்டு வாரம் கழித்து இரண்டிடத்திலும் நோய் கண்ட தூர்களின் எண்ணிக்கை, அறுவடையில் இரண்டிடத்தின் நிறை. கடைப்பெயரை மட்டும் எழுதினால் பயனில்லை. ஒரே பொருள் பத்துப் பெயரில் விற்கிறது. பிர்க்காவில் இருபது பேர் ஒரு சம்பாப் போகத்துக்கு இவ்வாறு எழுதி, தை மாதத்தில் விவசாய இலாகா டெப்போவில் கொடுத்தால், அவ்வட்டாரத்தில் எந்த மருந்து இன்னும் வேலை செய்கிறது, எது தோற்கத் தொடங்கிவிட்டது என்பதை அடுத்த குறுவைக்குமுன் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தார் பார்த்துச் சொல்லக்கூடும்.